இரண்டு படி தள்ளி

பெங்களூரு
8 ஜனவரி 2025

ஷாரோன்,

மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், பதில் இல்லை. அலைபேசியில் நீ என் எண்ணைத் தடுத்துவைத்து ஆறு வருடம் ஆகிறது. அதனால்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். என் எழுத்து இன்னும் கோழிக் கிறுக்கல்தான், பொறுத்துக்கொண்டு படி.

போன வாரம் காஞ்சிபுரம் வந்திருந்தேன். காந்தி ரோட்டில் ஒரு பட்டுக் கடை வாசலில் ஏணிமேல் நின்று விளக்கு மாட்டிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார். உன் அப்பா. எனக்கு அவரைச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை, அவருக்கு என்னைத் தெரிந்தது.

"தம்பி, நம்ம ஷாரோன் மறுபடியும் பி.எச்டி. சேரப் போவுது. சென்னையில வேற எடத்துல இன்டர்வியூக்குக் கூப்பிட்டுக்கிறாங்க, மார்ச் பன்னெண்டு. பழைய கைடு கிட்ட விசாரிப்பாங்களாமே. அவரு அந்தக் குழாய் மாறிப்போனதையே சொல்லிக்கினு இருப்பாரு. நீங்க இப்ப பெரிய எடத்துல கீறீங்க. ஒரு கடுதாசி குடுத்தீங்கன்னா பாப்பா பொழைச்சிக்கும் தம்பி" என்றார். சொல்லிவிட்டு, கையில் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டே கும்பிட்டார். எனக்கு உடம்பு கூசிப் போய்விட்டது. சரி என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

சொன்னபடி பரிந்துரைக் கடிதம் எழுதி இதனுடன் வைத்திருக்கிறேன். உன்னைப்போல் படிகம் வளர்க்கத் தெரிந்த கை நம் பரிசோதனைக் கூடத்தில் வேறு இல்லை என்று எழுதியிருக்கிறேன். கடைசிப் பத்தியில், "அந்நாளில் நேர்ந்த ஒரு சிறு கவனக்குறைவை இவருடைய திறமைக்கு அளவாகக் கொள்ள வேண்டாம்" என்றும் சேர்த்திருக்கிறேன். அவர்களாகக் கேட்பதற்கு முன் நாமே சொல்லிவிடுவது நல்லது அல்லவா.

வேறு எதுவும் மாற்ற வேண்டுமானால் சொல்.

ஹயக்ரீவன்


ஓரிக்கை
19 ஜனவரி 2025

ஹயக்ரீவன் அவர்களுக்கு,

பரிந்துரைக் கடிதத்தைத் திருப்பி அனுப்புகிறேன். அப்பா உங்களிடம் கேட்டது எனக்குத் தெரியாது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரியும். அன்று இரவு நானும் அவரும் சாப்பிடவில்லை. அவர் உங்கள் வீட்டுக்கு இரண்டு தடவை ஃபேன் மாட்ட வந்திருக்கிறார். நான் ஒரு தடவைகூட வந்ததில்லை, வரச் சொல்லி நீங்கள் கூப்பிட்டதும் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் எனக்காக அவர் கைகூப்பி நின்றது எனக்கு அவமானம். உங்கள் மேல் கோபம் இல்லை. அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது என் தப்புதானே.

என் தப்பு எனக்குத் தெரியும். இப்போது ஒரகடத்தில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். ஒவ்வொரு புட்டியின் லேபிளையும் மூன்று தடவை படித்துவிட்டுத்தான் திறப்பேன். கூட வேலை செய்கிற பெண்கள் என்னை "மூணு தடவை மேடம்" என்று கூப்பிட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

இருந்தாலும் உங்களிடம் ஒரு உதவி வேண்டும். நேர்முகத்தில் சொல்வதற்காக நடந்ததை எழுதி வைத்திருக்கிறேன். தப்பிருந்தால் திருத்துங்கள்.

"பன்னிரண்டு எழுத்து நீளமுள்ள சின்ன டி.என்.ஏ. துண்டையும் ஒரு மருந்தையும் சேர்த்து, பதினான்கு மாதம் முயன்று, படிகம் வளர்த்தேன். படிகத்தை எக்ஸ்ரேயில் காட்டி, சிதறி விழுந்த புள்ளிகளைக் கொண்டு மூலக்கூறின் வடிவத்தைக் கணக்கிட்டவர் சக மாணவர் ஹயக்ரீவன். படிகத்துக்குள் இந்தத் துண்டுகள் ஒன்றின் தலைமேல் ஒன்றாக நின்று முடிவில்லாத மாடிப்படிபோல் போகும். ஒவ்வொரு எழுத்தும் ஒரு படி, எல்லாப் படியும் பார்க்க ஒரே மாதிரி. நிற்பது மூன்றாம் படியா ஐந்தாம் படியா என்று காலடியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. அவர் மூலக்கூறை இரண்டு படி தள்ளி வைத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றியது. ஒரு துண்டு முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில், எழுத்தோடு எழுத்தைக் கோக்கும் பாஸ்பேட் இருக்கக் கூடாது. அவருடைய படத்தில் இருந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை.

"நிரூபிக்க, ஒரு எழுத்தில் மட்டும் ப்ரோமின் அணு சேர்த்த துண்டை வரவழைத்து இரண்டாவது படிகம் வளர்த்தேன். ப்ரோமின் எக்ஸ்ரேயில் தனியாகத் தெரியும், அது தெரிகிற இடத்தில்தான் அந்த எழுத்து. ஏ குழாயில் சாதாத் துண்டு, பி குழாயில் ப்ரோமின் துண்டு. இரண்டு படிகத்தையும் அவர் பிரான்ஸில் இருக்கும் பெரிய எக்ஸ்ரே நிலையத்துக்குக் கொண்டுபோனார். பி படிகத்தில் ப்ரோமினே இல்லை என்று திரும்பி வந்து சொன்னார். நான் குழாய்களை மாற்றி வைத்திருந்தேன்."

அதற்கு மேல் எழுதவில்லை. ஒரு லேபிள் ஒழுங்காக ஒட்டத் தெரியாதவளுக்கு இந்த வேலை எதற்கு என்று கைடு எல்லார் முன்னாலும் கேட்டதையும், மறு மாதம் நான் பாதியில் விட்டு வந்ததையும் நேர்முகத்தில் சொல்லத் தேவையில்லை. உங்கள் கட்டுரை வந்ததும், மருந்து யாரும் எதிர்பாராத எழுத்துகளின் மேல் உட்காருகிறது என்று அது பேர் வாங்கியதும் எல்லாருக்கும் தெரியும்.

பி படிகத்தில் சரியாக என்ன தெரிந்தது என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். கேட்டால் சொல்ல வேண்டும்.

ஷாரோன் தாவீது


பெங்களூரு
29 ஜனவரி 2025

ஷாரோன்,

என்னை "அவர்களுக்கு" என்று எழுதும் அளவுக்கு ஆகிவிட்டதா. சென்னைக்குப் போகும் ஆறு மணி ரயிலில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டவர்கள் நாம்.

நீ எழுதி வைத்திருப்பது நன்றாக இருக்கிறது. ஆனால் குழாய் விஷயத்தை நீயாகக் கிளறாதே. சின்ன வயதில் நடந்தது என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடு. நேர்முகத்தில் அவர்கள் மனிதரைத்தான் பார்ப்பார்கள், பழங்கதையை யார் கேட்கப்போகிறார்கள்.

பழைய கோப்புகள் எந்த டிஸ்கில் இருக்கின்றனவோ தெரியவில்லை. வீடு மாற்றியதில் எல்லாம் கலந்துவிட்டது. தவிரவும் இந்த மாதிரி விஷயத்தில் உறுதியாகச் சொல்ல முடியாது. கடும் எக்ஸ்ரேயில் ப்ரோமின் உதிர்ந்துபோவதும் உண்டு, நீயே படித்திருப்பாய். அப்படிக்கூட இருந்திருக்கலாம். யார் மேலும் தப்பில்லாமல்கூட நடந்திருக்கலாம். இந்தக் கோணத்தில் சொன்னால் உனக்கும் நல்லது.

பரிந்துரைக் கடிதத்தில் அந்த வரியை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பட்டுமா?

ஹயா


ஓரிக்கை
6 பிப்ரவரி 2025

ஹயக்ரீவன் அவர்களுக்கு,

ஆறு வருடத்துக்கு முன் குழாய் மாறியது என்றீர்கள். இப்போது ப்ரோமின் உதிர்ந்தது என்கிறீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

நேற்று கம்பெனி பஸ்ஸில் போகும்போது ஒன்று தோன்றியது. நான் குழாய்களை மாற்றி வைத்திருந்தால், பி படிகத்தில் ப்ரோமின் இருக்காது, சரி. அப்போது அந்த ப்ரோமின் ஏ படிகத்தில் இருந்திருக்க வேண்டும். இரண்டு படிகத்தையும் ஒரே நாளில் எக்ஸ்ரேயில் காட்டினீர்கள். ஏ படிகத்தில் ப்ரோமின் தெரிந்ததா?

பஸ் வாலாஜாபாத் தாண்டும்போது தோன்றியது. ஒரகடம் போய் இறங்கும்வரை அதையே மறுபடி மறுபடி சரிபார்த்துக்கொண்டு போனேன். இது பெரிய யோசனை ஒன்றும் இல்லை. முதல் வருட மாணவிகூடக் கேட்டிருப்பாள். நான் ஆறு வருடமாகக் கேட்கவில்லை. குழாய் மாறிப்போயிற்று என்று ஒருவர் சொன்னதும் என் கையைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தேனே தவிர, உங்கள் முகத்தைப் பார்க்கத் தோன்றவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது. அப்பா மட்டும் அன்றைக்கே சொன்னார், "நீ மாத்தி வெச்சிருக்க மாட்டம்மா, உப்புகூட எண்ணிப் போடுறவ நீ" என்று. அவருக்கு இதெல்லாம் என்ன தெரியும் என்று அவர்மேல் எரிந்து விழுந்தேன்.

ஹயா, எனக்கு ஒரு வார்த்தை போதும். தெரிந்ததா, இல்லையா?

ஷாரோன்


பெங்களூரு
21 பிப்ரவரி 2025

ஷாரோன்,

இல்லை. ஏ படிகத்தில் ப்ரோமின் இல்லை. பி படிகத்தில் இருந்தது. நீ எந்தக் குழாயையும் மாற்றவில்லை.

இந்த நாலு வாக்கியத்தை எழுத இரண்டு வாரம் ஆயிற்று. நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நீ ஒரே கேள்விதான் கேட்டாய். அதற்கும் ஏதாவது சொல்லி மழுப்ப முடியுமா என்று முதல் நாலு நாள் யோசித்தேன். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன்.

பிரான்ஸில் அன்று மதிய சாப்பாட்டு நேரம். கூட இருந்தவர்கள் கேன்டீனுக்குப் போயிருந்தார்கள். பி படிகத்தின் வரைபடம் திரையில் வந்தது. ப்ரோமின் பளிச்சென்று இருந்தது, ஆனால் நான் வைத்திருந்த இடத்தில் இல்லை. தள்ளி இருந்தது. எத்தனை படி என்று நான் எண்ணவில்லை. எண்ணினால் தெரிந்துபோய்விடும் என்று எண்ணவில்லை. கோப்பை மூடிவிட்டுச் சாப்பிடப் போனேன். நன்றாகச் சாப்பிட்டேன் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

அதற்கு மூன்று வாரம் முன்னால்தான் கைடு அந்த வடிவத்தை மாநாட்டில் அறிவித்திருந்தார். கட்டுரையில் என் பெயர் முதலில் இருந்தது. சின்னக் காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அப்பா சொல்லி வைத்திருந்தார். அந்த மருந்து போயும் போயும் வழக்கமான எழுத்துகளின் மேல்தான் உட்காருகிறது என்று ஆகிவிட்டால் கட்டுரையே கிடையாது.

திரும்பி வந்ததும் கைடு கேட்டார், "ஷாரோனோட படிகம் என்னாச்சு?" நான், "குழாய் மாறியிருக்கும்போல இருக்கு சார்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். நிரூபி என்று கேட்டால் என்ன செய்வது என்று பயம். வேறு யார் பெயர் என்றாலும் குழாயைக் கொண்டா, ப்ரோமின் இருந்தால் எடை கூடுமே, பார்க்கலாம் என்றிருப்பார். அரை மணி நேர வேலை. உன் பெயர் என்றதும் தலையை ஆட்டினார். "அதானே பார்த்தேன்" என்றார்.

அவர் ஏன் அவ்வளவு சுலபமாக நம்புவார் என்று எனக்கு முன்பே தெரியும். ஷாரோன், தெரிந்துதான் சொன்னேன். அவர் நம்பத் தயாராக இருந்த ஒரு பொய்யைத் தேடிப் பிடித்துச் சொன்னேன். உன் ஊர், உன் தெரு, உன் அப்பாவின் வேலை எல்லாம் அன்று எனக்குக் கை கொடுத்தன. மற்றதெல்லாம் பயத்தில் செய்தது என்று சொல்லிக்கொள்வேன். இதை அப்படிச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

கட்டுரையைத் திரும்பப் பெற ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். "தரவுகளை மீண்டும் ஆராய்ந்தபோது, கவனக்குறைவால் ஒரு பிழை நேர்ந்திருப்பது தெரியவந்தது" என்று தொடங்குகிறது. பார்த்துவிட்டுச் சொல். பத்திரிகைக்கு அனுப்பிவிடுகிறேன்.

ஹயக்ரீவன்


ஓரிக்கை
1 மார்ச் 2025

ஹயா,

உன் கடிதத்தை முதலில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு அப்பாவை உட்காரவைத்துச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவர், "அவனக் கையெடுத்துக் கும்புட்டேனேமா" என்றார். அதையே மறுநாளும் சொன்னார். இந்த வாரம் அந்தக் கடை வேலைக்கு அவர் போகவில்லை. காந்தி ரோடு பக்கமே போகப் பிடிக்கவில்லை என்கிறார். அதற்கு நீ என்ன குறிப்பு எழுதுவாய் என்று எனக்குத் தெரியவில்லை.

உன்னைத் திட்ட வேண்டும் என்று நாலு பக்கம் எழுதினேன். கிழித்துப் போட்டேன். உனக்கே தெரிந்ததைத்தான் எழுதியிருந்தேன்.

உன் குறிப்புக்கு வருகிறேன். "கவனக்குறைவு" என்ற சொல்லை அடித்திருக்கிறேன். அது ஆறு வருடம் என்மேல் ஒட்டியிருந்த லேபிள். நான் கழற்றி வைத்ததும் எடுத்து நீ ஒட்டிக்கொள்ளப் பார்க்கிறாய். நீ கவனக்குறைவாக எதையும் செய்யவில்லை. கவனமாகச் செய்தாய். "தெரியவந்தது" என்பதையும் அடித்திருக்கிறேன். உனக்கு அது 2019-லேயே தெரியும்.

மூன்று வாக்கியம் எழுது. ப்ரோமின் வேறு இடத்தில் இருந்ததைப் பார்த்தேன். மறைத்தேன். மறைப்பதற்காக, ஷாரோன் குழாய்களை மாற்றிவிட்டாள் என்று பொய் சொன்னேன். இதைப் பத்திரிகைக்கு அனுப்பு, கைடுக்கு அனுப்பு, நான் நேர்முகத்துக்குப் போகும் இடத்துக்கும் அனுப்பு. மார்ச் பன்னிரண்டுக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும். என்னைப் பாராட்டி ஒரு வரியும் வேண்டாம்.

இரண்டு படிகத்தின் எக்ஸ்ரே படங்களையும், ஒன்று விடாமல், எனக்கு அனுப்பு. எந்த டிஸ்கில் இருக்கிறதென்று உனக்குத் தெரியும். அந்த மூலக்கூறை அதன் இடத்தில் நானே வைக்கிறேன்.

ஷாரோன்


சின்னக் காஞ்சிபுரம்
25 மார்ச் 2025

ஷாரோன்,

மார்ச் ஐந்தாம் தேதியே மூன்று இடத்துக்கும் அனுப்பிவிட்டேன். நீ சொன்ன மூன்று வாக்கியம்தான், கூட ஒன்றும் சேர்க்கவில்லை. படங்கள் அடங்கிய டிஸ்க் உனக்குத் தனியாக வரும். அது தொலையவே இல்லை. மேசை இழுப்பறையில் இருந்தது.

கைடு போனில் கூப்பிட்டார். என்னை ஏன் இழுத்தாய் என்று கேட்டார். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பார் என்று பார்த்தேன், கேட்கவில்லை. பெங்களூரில் விசாரணைக் குழு போட்டிருக்கிறார்கள். முடியும்வரை பரிசோதனைக் கூடத்துக்கு வரவேண்டாம் என்றார்கள். வேலை நிலைக்காது. ஊருக்கு வந்துவிட்டேன்.

அப்பாவிடம் சொன்னேன். பெருமாள் புறப்பாட்டில் கோஷ்டியில் வேதம் சொல்லிப் போகிறவர் அவர். கேட்டுவிட்டு, "சொல்லும்போது ஒருத்தனுக்குத் தப்பு வந்தா பக்கத்துல இருக்கறவன் உரக்கச் சொல்லித் திருத்துவான். உடனே திருப்பிச் சொல்லிண்டு போயிண்டே இருப்போம், யாரும் அவமானப்பட்டுக்கறதில்லை. அந்தப் பொண்ணு உனக்குப் பக்கத்துல இருந்து திருத்தினாளேடா" என்றார். அப்புறம், "அவ அப்பா நம்மாத்துக்கு வந்தப்போ வாசல்லயே நிக்கவச்சுத் தண்ணி குடுத்தேன்" என்றார்.

உன் அப்பாவைப் பார்க்க ஓரிக்கை வரை ஒரு நாள் பஸ்ஸில் வந்தேன். மணிமண்டபம் ஸ்டாப்பில் இறங்கி நின்றுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். கேட்டால் அவர் கொடுத்துவிடுவாரோ என்று பயமாக இருந்தது.

ஹயா


ஓரிக்கை
27 ஏப்ரல் 2025

ஹயா,

டிஸ்க் வந்தது. நேர்முகமும் முடிந்து, இடம் கிடைத்துவிட்டது. உன் மூன்று வாக்கியத்தை ஒருவர் வாசித்தார். குழாயைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மூலக்கூறு எவ்வளவு தள்ளி இருந்தது என்று மட்டும் கேட்டார்கள். இரண்டு படி என்று அடித்துச் சொன்னேன். பலகையில் வரைந்தும் காட்டினேன். அவர்களுக்குப் பிடித்துப்போயிற்று.

போன ஞாயிறு சர்ச்சிலிருந்து வந்து கணினி முன்னால் உட்கார்ந்தேன். பி படிகத்தில் ப்ரோமின் தெரிந்தது. நீ அந்த எழுத்தை வைத்திருந்த இடத்திலிருந்து விரலை வைத்து எண்ணினேன். மூன்று படி. மறுபடி எண்ணினேன். அப்பாவைக் கூப்பிட்டு, இந்தப் புள்ளியிலிருந்து அந்தப் புள்ளிக்கு எத்தனை படி என்று கேட்டேன். "மூணுமா" என்றார். மூன்று படி தள்ளி வைத்ததும் பாஸ்பேட் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தது. மருந்தும் வழக்கமாக உட்காரும் எழுத்துகளின் மேலேயே உட்கார்ந்துகொண்டது. நீ செய்தது தப்பு என்று நான் சொன்னது சரி. இரண்டு என்று நான் சொன்னது தப்பு.

படங்கள் என்னிடமும் உன்னிடமும்தான் இருக்கின்றன. ஜூலையில் சேர்ந்து, நிலைத்த பிறகு, மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது. ஓரிக்கைக்காரிக்கு எண்ணக்கூடத் தெரியவில்லை என்று சொல்ல ஒரு ஆள் போதும், கொடுத்த இடத்தைத் திருப்பி வாங்கிக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நீ எனக்குக் கொஞ்சம் புரிந்தாய். புரிந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

அவர்களுக்கு எழுதினேன். "நேர்முகத்தில் இரண்டு படி என்று சொன்னேன். அது தவறு. மூன்று." அனுப்பிவிட்டேன்.

மறுநாள் காலையில் பதில் வந்தது. "நன்றி. குறிப்பில் திருத்திக்கொண்டோம். ஜூலை ஏழு, ஒன்பதரை மணிக்கு வந்து சேருங்கள்."

இவ்வளவுதான் இருந்தது அதில். படித்துவிட்டு அழுதேன். பரிசோதனைக் கூடத்தை விட்டு வந்த அன்றுகூட அழாதவள் நான். இதை வேறு யாருக்கு எழுதினாலும் புரியாது, அதனால் உனக்கு எழுதுகிறேன். அந்தத் திருத்தத்தை எழுதி அனுப்ப எனக்கு நாலு நிமிஷம் ஆயிற்று. அதில் மூன்று நிமிஷம் பயந்துகொண்டிருந்தேன்.

ஷாரோன்